கெனாரி சாலை மீட்டர்களின் பாதுகாப்பு

நகராட்சிப் போக்குவரத்துத் துறை, பொதுமக்களின் நேர்மையில் முழு நம்பிக்கை வைத்து, கெனாரி சாலையில் நாற்பது வாகன நிறுத்த மீட்டர்களை நட்டது. நம்பிக்கைக்கு வலுச் சேர்க்க ஒவ்வொன்றிலும் மூன்று பூட்டுகள் போடப்பட்டன. துறைத் தலைவர் பாக் ரொஹெந்தி, அதாவது ரொஹெந்தி ஐயா, திறப்புவிழாச் சம்பிரதாயப்படி கூம்பாகக் குவித்த மஞ்சள் சோற்றின் உச்சியை வெட்டி, முதல் மீட்டருக்கு மாலை சூட்டி, இனி இந்நகரில் ஒரு ரூப்பியாகூட வழிதவறாது என்று அறிவித்தார்.

அதற்கு முன் அந்தச் சாலையின் வசூல் ஜயினி என்பவனிடம் இருந்தது. ஆரஞ்சுச் சட்டை, வாயில் விசில். பின்னால் வா, பின்னால் வா என்று கையாட்டுவான், இரண்டாயிரம் ரூப்பியா வாங்குவான், ரசீது தரமாட்டான். யாரும் கேட்டதுமில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் மீட்டர். ஜயினியை நீக்க மனமில்லாத துறை, மீட்டரில் காசு போடும் முறையைப் பொதுமக்களுக்கு விளக்குபவராக அவனை நியமித்தது. அவன் விளக்கினான். மக்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவன் கையிலேயே இரண்டாயிரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மீட்டரில் காசு போட்டவர்களும் சிலர் உண்டு. அந்தக் காசை எடுக்க வந்தவர்கள், மூன்று பூட்டோடு மல்லுக்கட்ட நேரமில்லாமல் மீட்டரையே பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

ஏழு மீட்டர் போனதும் ஒன்பது பேர் கொண்ட குழு எட்டு நாள் வெளிநாடு சென்று, மீட்டர் திருட்டுப் போகாத நகரம் ஒன்றை நேரில் ஆராய்ந்தது. அங்குள்ள மீட்டர்கள் சாம்பல் நிறத்தில் இருப்பதாக அறிக்கை வந்தது. இங்கும் சாம்பல் நிறம் பூசப்பட்டது. திருடர்கள் நிறம் பார்ப்பவர்களாக இல்லை. பிறகு மீட்டர்களைச் சங்கிலியால் பிணைத்தார்கள். முதலில் சங்கிலி போயிற்று, அடுத்து இன்னும் நான்கு மீட்டர்.

மீட்டர் பாதுகாப்புப் பிரிவின் தலைவரும் அதன் ஒரே ஊழியருமான ஹர்த்தோயோவை ரொஹெந்தி அழைத்தார். இனி ஒரு மீட்டர் திருட்டுப் போனாலும் குப்பைமேட்டு எடைமேடைக்கு மாற்றல் என்றார். ஹர்த்தோயோவுக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. குப்பைமேட்டுக்குப் போனவர்களுக்குக் கல்யாண வீடுகளில் தனியாக, காற்று போகும் பக்கமாக நாற்காலி போடுவார்கள். அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அன்று முழுக்க அவர் உணவகத்தில் வறுத்த சோயா வில்லையான தெம்பேயைத் தொடாமல் உட்கார்ந்து யோசித்தார். நடுவதற்கு முன் அந்த மீட்டர்கள் மூன்று மாதம் அலுவலகக் கிடங்கில் கிடந்தன. அந்த மூன்று மாதத்தில் ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை. கோளாறு மீட்டரில் இல்லை, சாலையில் இருந்தது.

மீட்டர்களைத் திரும்பக் கிடங்கிலேயே வைக்கலாம் என்று ஹர்த்தோயோ எழுதிக் கொண்டுவந்த யோசனையை ரொஹெந்தி படித்தார்.

“அப்ப ஜனங்க எப்படிக் கட்டுவாங்க?”

“கிடங்குக்கு வந்து கட்டலாம், பாக்.”

“வண்டியில வந்துட்டா?”

“வண்டி அங்கேருந்து கிளம்பிட்டா அது நிறுத்தின வண்டியே இல்ல. கட்டணம் வாங்கினா சட்டப்படி தப்பு. வண்டிய அங்கேயே விட்டுட்டு வரணும்.”

ரொஹெந்தி பேனாவை எடுத்தார். “இத்தனை நாள் எங்கய்யா இருந்தீரு?” என்று கேட்டுக் கையெழுத்திட்டார்.

இருபத்தொன்பது மீட்டர்களும் கிடங்குக்கு வந்து சுவரோரம் வரிசையாக நின்றன. கெனாரி சாலையில் அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டது. அதை மதித்து வந்தவர் ஒருவர்தான்: பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற, ஊரார் ‘இபு’, அம்மா, என்று அழைக்கும் சுலஸ்தினி. காரைச் சந்தையருகே கெனாரி சாலையில் விட்டுவிட்டு வாடகை மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் வந்தார், கட்டினார், திரும்பிப் போனார். நெரிசலில் அவர் போய்ச் சேர்வதற்குள் கட்டிய நேரம் முடிந்துவிட்டிருந்தது. மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

“பாக், நான் இன்னும் சந்தைக்குள்ளேயே போகல.”

“ரெண்டு மணி நேரத்துக்குச் சேத்துக் கட்டியிருக்கலாமே, இபு.”

“ஒரு மணி நேரத்துக்கு மேல மீட்டர்ல ஏறாதுன்னு போன தடவை நீங்கதான சொன்னீங்க.”

ஹர்த்தோயோ அதைப் பொதுமக்கள் ஆலோசனைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். இபு சுலஸ்தினி திரும்பிப் போய் ஜயினியிடம் இரண்டாயிரத்தைக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு, “ஹர்த்தோயோ பாஸ் மேல வருத்தப்படாதீங்கம்மா, அவரு சட்டப்படி நடக்கிறவரு” என்று ஆறுதல் சொன்னான்.

வருவாய் எங்கே என்று நிதிப் பிரிவு எழுதிக் கேட்டது. எதிர்பார்த்ததில் வந்ததைக் கழித்தால் கிடைப்பதே இழப்பு. சாலையில் மீட்டர் இல்லாததால் எதிர்பார்ப்பு ஏதுமில்லை. ஆகவே இழப்பு முற்றிலும் ஒழிக்கப்பட்டது என்று ரொஹெந்தி பதில் அனுப்பினார். நிதிப் பிரிவு பாராட்டுத் தெரிவித்தது. அக்கம்பக்கத்து நகரங்களிலிருந்து கிடங்கைப் பார்த்துப் போகக் குழுக்கள் வந்தன.

மாதக் கடைசியில் ஹர்த்தோயோ மீட்டர்களை எண்ணினார். இருபத்தேழு. இன்னொரு தடவை எண்ணினார். கிடங்குச் சாவி இரண்டே பேரிடம் இருந்தது: அவரிடம் ஒன்று, ரொஹெந்தியிடம் ஒன்று. தான் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். குப்பைமேட்டின் வாடை அப்போதே மூக்கில் ஏறியது.

தலைவர் அறைக்குள் போய், ரெண்டு மீட்டரைக் காணோம் என்றார்.

“எங்கே? ரோட்டுலயா?”

“இல்ல பாக். கிடங்குல.”

“பூட்டு உடைஞ்சிருக்கா?”

“இல்ல.”

ரொஹெந்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “ரோட்டுல போனாத்தான்யா திருட்டு. ஆபீசுக்குள்ள போனா அதுக்குப் பேரு கையிருப்பு வேறுபாடு. அதுக்குத் தனிப் படிவமே இருக்கு. பயந்து சாகாதீரு.”

ஹர்த்தோயோ படிவத்தை நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில் ‘இயல்பானது’ என்று எழுதச் சொன்னார்கள். மாற்றல் வரவில்லை. மகளுக்கு வரன் படிந்தது. அந்த ஆண்டின் சிறந்த பிரிவு என்ற கேடயம் அவர் மேசைக்கு வந்தது.

அடுத்த மாதம் வேறுபாடு மூன்று. அவர் இரண்டாம் தடவை எண்ணவில்லை.

அதற்கடுத்த மாதம் ஏழு. மூன்று வழக்கமானது. மீதி நான்கு, ஹர்த்தோயோவின் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டுக்குக் கால்களாக வாட்டமாகப் பொருந்தின.