உயிரோடு இருந்தவருக்கு ஓர் ஓலம்

திரைப்படங்களில் எதற்கெடுத்தாலும் ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் ‘ஆ…’ என்று ஓலமிடுகிறாளே, அதை யார் ஆரம்பித்து வைத்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கதாநாயகன் கடற்கரையில் நடந்தால் ‘ஆ…’. தீக்குச்சி கிழித்தால் ‘ஆ…’. சும்மா நின்று யோசித்தால்கூட ‘ஆ…’. அந்த ஆளுக்கு அப்படி என்னதான் கஷ்டம்? நாலு வரி எழுத ஒரு கவிஞர் கிடைக்கவில்லையா? இதையே பார்த்துப் பார்த்து, பெரிய மனிதர் என்றால் பின்னணியில் யாராவது அழ வேண்டும் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உடன் வேலை பார்த்த தேவிகாவைக் காதலித்தேன். அவள் அப்பா மாணிக்கம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, மீசை அதிகம். பெண் கேட்டுப் போனபோது, “மொதல்ல என் அறுபதாவது பொறந்தநாளு முடியட்டும். அப்புறம் பேசலாம் லா” என்றார். (எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘லா’ ஒட்டிக்கொண்டே வரும்.) தேவிகா என்னை வாசலுக்கு இழுத்துவந்து, “பழைய போட்டோவெல்லாம் சேர்த்து ஒரு வீடியோ செஞ்சு குடுங்க. அப்பா மனசு எளகிடும்” என்றாள்.

செய்தேன். (சும்மா இல்லை, மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து செய்தேன்.) பின்னணி இசைக்கு என் அக்காவைக் குளியலறையில் நிறுத்தினேன். எதிரொலி அங்கேதான் நன்றாக வரும். கோயிலில் பஜனை பாடுகிறவள், நியாயமாகத்தான் கேட்டாள்.

“பாட்டு வரி எங்கடா?”

“வரி வேணாம்கா. சும்மா ‘ஆ’ன்னு இழு. உள்ளேருந்து வரணும்.”

“யாருக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எப்படிடா அழுவுறது?”

“அது அழுகை இல்லக்கா, ஃபீலிங்!”

தலையெழுத்தே என்று அக்கா இழுத்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பதறி ஓடிவந்து கதவைத் தட்டினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ‘அலமாக், அக்கா குரலுக்கு என்ன பவர்!’ என்று பூரித்துப்போனேன்.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விருந்து. அன்று காலை கோயிலில் மாணிக்கம் அங்கிளுக்கு மாலை போட்டு எடுத்த படம் கைக்கு வந்தது. அதைக் கடைசியில் சேர்த்தேன். கலரில் கம்பீரம் குறைகிறது என்று கறுப்பு வெள்ளையாக்கினேன். மாலை போட்ட கறுப்பு வெள்ளைப் படத்தை நம் வீடுகளில் எப்போது மாட்டுவார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை.

விளக்கை அணைத்தார்கள். எல்லாப் படங்களும் ஓடி முடிந்து, திரையில் மாலையோடு மாணிக்கம் வந்தார். பின்னணியில் அக்காவின் குரல் ‘ஆ…’ என்று எடுத்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. இரண்டு மேசைக்காரர்கள் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்தா வேலு அங்கிள் உள்ளே நுழைய வேண்டும்? அவர் செடெனாக் ரப்பர் தோட்டத்தில் மாணிக்கத்தோடு ஒன்றாக வளர்ந்தவர். சிங்கப்பூரில் வேலை முடிந்து, பாலத்து நெரிசலில் மாட்டி, தாமதமாக வந்திருந்தார். வாசலிலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

“அடேய் மாணிக்கம்! காலைலகூட பேசுனியேடா! என்னைய விட்டுட்டுப் போயிட்டியேடா!”

முன் மேசையிலிருந்து மாணிக்கம் எழுந்து ஓடினார். “டேய் வேலு, இங்கதான்டா இருக்கேன்!” புரொஜெக்டர் வெளிச்சத்தில், மாலை போட்ட தன் முகத்துக்கு நேராகவே போய் நின்றார். வேலு அங்கிள் “ஐயோ!” என்று அலறிப் பிரியாணி அண்டாப் பக்கம் சாய்ந்தார்.

விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“அங்கிள், சினிமால இப்படித்தான் போடுவாங்க. இது ஃபீலிங்.”

“என் பொறந்தநாள்ல நான் செத்த ஃபீலிங் எதுக்குலா?”

கல்யாணப் பேச்சு அங்கேயே முடிந்தது. தேவிகாகூட ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தியேட்டரில் போட்டால் சிலிர்த்துப்போய்க் கைதட்டுகிறார்கள். நான் போட்டால் மட்டும் சாவு வீடா? என்ன நியாயம் இது?

மூன்று மாதம் கழித்து மாணிக்கமே கூப்பிட்டார். “வேலு எனக்காக அப்படி அழுவான்னு எனக்குத் தெரியாது. சாவுற எவனுக்கும் அதைப் பார்க்கக் கெடைக்காது. எனக்குக் கெடைச்சுது. வீட்டுக்கு வா, பேசலாம்” என்றார்.

கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறது. இன்றும் வீட்டில் படம் பார்க்கும்போது அந்த ஓலம் ஆரம்பித்தால் போதும், தேவிகா படத்தை நிறுத்தி என் கையில் போனைத் திணிப்பாள். “அப்பா இருக்காரான்னு கேளுங்க.” நான் கேட்டாக வேண்டும். “இருக்கேன் லா” என்று மாமா வைத்துவிடுவார். (அவர்களுக்குப் பொழுதுபோக்கு, எனக்கு மானக்கேடு.) போன வாரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்தினார்கள். தேவிகா முகம் வெளுத்துவிட்டது. நான் கார்ச் சாவியோடு வாசல்வரை ஓடிவிட்டேன். ஐந்தாவது முறை எடுத்தார்.

“குளிச்சிட்டிருந்தேன் லா. இப்ப என்ன படம்?”