ராணி யாரு?

"'உன் வாசலில் வயதைத் தொலைத்தேன். இனி உன் முகத்தில் விழியேன். போகிறேன்.' எங்க போறீங்க?"

மனைவி தாளை ஆட்டிக் காட்டினாள். கண்ணாடிக்கடைக்காரருக்குக் குப்பென்று வேர்த்தது. காவியப் பெண்களின் குரலில் கவிதை எழுத நூலகத்தில் போட்டி. இன்று மாலை ஐந்து மணியோடு சரி. பரிசு வாங்கிய பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று மூச்சு விடாமல் எழுதியிருந்தார், கணவன் அரண்மனையை விட்டுத் துரத்திய ஒரு ராணியின் குரலில். ஆனால் பாழாய்ப்போன 'போகிறேன்'! போவது ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத சொல்.

"அது நான் இல்லம்மா. ராணி சொல்றது."

"யாரு ராணி?"

"ஐயோ, அவ காவியத்துல வர்றவ."

"காவியாவா? அது வேற ஒருத்தியா?"

"ஒருத்திதான்! பாவம், புருஷன் துரத்திட்டான். அவ மனசுக்குள்ள புகுந்து எழுதினேன்."

"மனசுக்குள்ளயே புகுந்தாச்சா!"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மைத்துனன் வந்தான். "மாமா, இது எத்தனை நாளா நடக்குது?"

"ஒரு மாசமா. கடையில கூட்டமில்லாத நேரமாப் பார்த்து..."

"கடையிலயேவா!" மைத்துனன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

மனைவி பெட்டியை இழுத்துப்போட்டுப் புடவைகளைத் திணித்தாள். கல்யாணமானதிலிருந்து எத்தனையோ சண்டை, ஆனால் அவள் பெட்டியைத் தொட்டதே இல்லை. மணி நாலரை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கவிதைக்குக் கட்டாயம் பரிசு கிடைத்திருக்கும்.

"நான் என்ன செஞ்சா நம்புவே?"

"கிழிச்சுப் போடுங்க. இனிமே அந்த ராணிய நெனைக்கவே மாட்டேன்னு சொல்லுங்க."

நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சுக்குநூறாகக் கிழித்தார். "நெனைக்க மாட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது. பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "காபி போடட்டுமா?" என்றாள், தேனொழுக. பெண்டாட்டி திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் அவர் தலையை ஆட்டினார்.

அதற்குள் கீழ்வீட்டு டீச்சர் மூச்சு வாங்கப் படியேறி வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, உங்க கவிதைய நூலகத்துல குடுத்துட்டேன். நீங்க பயந்த மாதிரி இல்ல, அந்த ராணி குரல்ல வேற யாருமே எழுதலையாம்!"