முப்பத்தொன்பது தசம் இரண்டு

ரயில் கடலுக்கு மேலே பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது மேரிசெலினின் கைபேசி அடித்தது. திரையில் 'கத்தரீனா மச்சாள்' என்று விழுந்தது.

"எடுக்காதையும்," என்றான் அவளுடைய கணவன் அந்தோனிதாசன்.

"எடுக்காட்டி விடாமல் எடுத்துக்கொண்டே இருப்பா. உங்கடை அக்காவை உங்களுக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சபடியாத்தான் சொல்லுறன்."

ஹோர்சன்ஸிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் மேரிசெலின் குடும்பம் கோப்பன்ஹேகனுக்குப் போகும். போய், கோப்பன்ஹேகனைப் பார்க்காமல் திரும்பி வரும். நகரத்தின் ஓரத்தில் பலெறுப்பில் மச்சாள் வீடு. அங்கே வாசலில் கழற்றிய சப்பாத்தைத் திரும்ப மாட்டுவது ரயிலுக்குப் புறப்படும்போதுதான். காலையில் இடியப்பம், மத்தியானம் ஆட்டிறைச்சி, பின்னேரம் றோல்ஸ், இரவுக்குப் புட்டு. இடைவேளைகளில் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோ. அந்த மகளுக்குக் கலியாணமாகி ஒஸ்லோவில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். வீடியோ மட்டும் இன்னும் ஓடுகிறது.

"இண்டைக்கு எங்கையாவது வெளியிலை..." என்று மேரிசெலின் இழுத்தால், "அங்கை என்ன கிடக்கு பிள்ளை? எல்லாம் பழைய கட்டிடம்," என்பாள் மச்சாள். அதோடு இன்னொரு றோல்ஸ் தட்டில் விழும்.

மேரிசெலினுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பழைய கட்டிடம். வட்டக் கோபுரம். டென்மார்க்குக்கு வந்த புதிதில், மொழிப் பாடசாலைப் புத்தகத்தின் முதல் பாடத்தில் அதன் படம் இருந்தது. 'கோபுரம் வட்டமானது.' அவள் பிழையில்லாமல் சொன்ன முதல் டெனிஷ் வசனம் அதுதான். உள்ளே படிகள் இல்லை, உச்சிவரை சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதைதான் என்று ஆசிரியை சொன்னாள். ஒருநாள் ஏறவேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள். இப்போது வயோதிபர் இல்லத்தில் வேலை. நாள் முழுக்க டெனிஷில்தான் கதைக்கிறாள். கோபுரத்தில் மட்டும் இன்னும் ஏறவில்லை.

அதனால்தான் இந்த முறை களவாக ஹோட்டல் எடுத்தார்கள். எந்த ஹோட்டல் என்று தேடவும் இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைக் காரில் கொண்டுவந்து விடும்போது மச்சாளே காட்டி, "இஞ்சை காலைச் சாப்பாடு நல்லதாம்," என்று ஒருமுறை சொல்லியிருந்தாள்.

கூடப்பிறந்தவள் இருக்கும் ஊரில் போய் ஹோட்டலில் தங்குவது, அவளோடு உறவு முறிந்தது என்று பேப்பரில் போடுவதற்குச் சமம். அதிலும் அந்தோனிதாசனை டென்மார்க்குக்குக் கூப்பிட்டவளே அவள்தான். மகன் றொனிஷனுக்கு ஞானத்தாயும் அவள்தான். தெரிந்தால் இந்தச் சென்மத்தில் முகம் பார்க்கமாட்டாள்.

கைபேசி நின்று, திரும்ப அடித்தது. மேரிசெலின் எடுத்தாள்.

"மேரி, எப்ப வாறியள்? இந்தக் கிழமையோ, அடுத்த கிழமையோ?" மச்சாளின் குரலில் ஓர் அவசரம்.

"இந்த முறை வரேலாது போல கிடக்கு மச்சாள். றொனிஷனுக்குக் காய்ச்சல்."

எதிர் இருக்கையில் சொசேஜ் தின்றுகொண்டிருந்த றொனிஷன் மெல்லுவதை நிறுத்தினான். "எனக்கா?" என்று டெனிஷில் கேட்டான்.

"எத்தினை பாகை?"

"முப்பத்தொன்பது தசம் இரண்டு."

தசமப் புள்ளி போட்ட இலக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. வயோதிபர் இல்லத்தில் கற்றது.

அந்த நேரம் பார்த்து, அடுத்த நிலையம் ஸ்லேகல்ஸ என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

"அதென்ன சத்தம்?"

"ரீவி மச்சாள்."

"ஐயோ, பாவம் பிள்ளை. அப்ப வரமாட்டியள்?"

"இல்லை மச்சாள்."

"இந்தக் கிழமை முழுக்க?"

"முழுக்க."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. எவ்வளவு கவலைப்படுகிறாள் என்று மேரிசெலினுக்குப் பாவமாக இருந்தது.

"சரி, பிள்ளையை வெளியிலை கொண்டு திரியாதை. நாங்கள் வீட்டிலைதான் நிக்கிறம். றொபேட்டும் இஞ்சைதான் பக்கத்திலை."

பின்னால் ஓர் இருமல் கேட்டது. அதுதான் மச்சாளின் கணவர் றொபேட் அண்ணை. இத்தனை வருடத்தில் மேரிசெலினுக்கு அவருடைய குரலைவிட இருமல்தான் நல்ல பழக்கம். அந்த வீட்டில் அவருடைய பங்குக்கும் சேர்த்து மச்சாளே கதைத்துவிடுவாள்.

"பாத்தீங்களே, அலுவல் முடிஞ்சுது," என்று கைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

"முடிஞ்சுதோ?" என்றான் அந்தோனிதாசன். "அக்கான்ரை வாயிலை விழுந்த கதை எப்ப முடிஞ்சிருக்கு?"

அவன் சொன்னது மத்தியானமே பலித்தது. துறைமுகத்தில் படகுச் சுற்றுலாவுக்கு வரிசையில் நின்று, ஒரு காலைப் படகிலும் வைத்தபோது கிளோறியாவின் அழைப்பு வந்தது. கிளோறியா ஹோர்சன்ஸில் அடுத்த தெரு, செபக்குழுத் தலைவி.

"மேரி, கதவைத் திறவும். கோழி சூப்போடை வாசலிலை நிக்கிறன். கத்தரீனா அக்கா இப்பத்தான் சொன்னவ."

மேரிசெலின் படகில் வைத்த காலை எடுத்தாள்.

"நாங்கள் வீட்டிலை இல்லை அக்கா. டொக்டரிட்டை வந்திட்டம்."

"பரவாயில்லை, வருமட்டும் நிக்கிறன். சூப் ஆறினாலும் சூடாக்கலாம்."

"இல்லை இல்லை, நிக்காதையுங்கோ! பிள்ளையை... மறிச்சுப்போட்டினம்."

"மறிச்சுப்போட்டினமோ! ஆசுப்பத்திரியிலையோ? எந்த வார்ட்?"

"ஆக்களை விடமாட்டினமாம் அக்கா."

படகு போய்விட்டது. மேல்தட்டில் இருந்த டெனிஷ் குடும்பம் ஒன்று அவர்களைப் பார்த்துக் கை அசைத்தது. றொனிஷன் திருப்பிக் கை அசைத்தான்.

"இப்ப நான் ஆசுப்பத்திரியிலையோ?" என்று கேட்டான்.

"பேசாமல் நில்லடா."

"சாப்பாடு என்னமாதிரி அங்கை?"

அந்தோனிதாசன் சிரித்தான். மேரிசெலின் பார்த்த பார்வையில் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அரண்மனை பார்க்கப் போனார்கள். அரச முடிகள் இருந்த அறையில் கலியாணவீட்டுப் பந்திக்கு ஆள் சேர்ந்ததுபோல் அழைப்புகள் சேர்ந்தன. ஓகூஸ்ஸிலிருந்து ஒருத்தி, எஸ்பியர்க்கிலிருந்து ஒருத்தி, யாரென்றே தெரியாத ஒருவர் நோர்வேயிலிருந்து. எல்லாருக்கும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். ஆனால் முந்தின ஆளுக்கு என்ன சொன்னாள் என்பது அவளுக்கே மறந்துகொண்டு வந்தது. எஸ்பியர்க்காரிக்குச் சொன்ன கதையில் காய்ச்சல் நாற்பதாகிவிட்டது. காவலாளி வந்து, உள்ளே கதைக்கக்கூடாது என்று மூன்று பேரையும் வெளியே விட்டான். முடியை அவள் பார்க்கவில்லை.

"இனி ஃபோனை நிப்பாட்டும்," என்றான் அந்தோனிதாசன்.

"நிப்பாட்டினால் பிள்ளைக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு நினைப்பினம்."

அதுவும் சரிதான்.

மாலையில் ஒருவழியாக வட்டக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தடித்து, உருண்டு, புத்தகத்தில் பார்த்தபடியே நின்றது. மேரிசெலின் அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் கம்பிவேலிக்குப் பின்னால் ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள்.

"கோபுரம் வட்டமானது," என்று மெல்ல டெனிஷில் சொன்னாள்.

"ஓம், தெரியுது," என்றான் றொனிஷன்.

வரிசையில் முன்னுக்கு மூன்று பேர்தான் நின்றார்கள். அப்போது கைபேசி அடித்தது.

கும்பிட்ட கையோடு அந்தோனிதாசன் வானத்தைப் பார்த்தான். மேரிசெலின் வரிசையை விட்டு விலகி, எதிர்க்கடைச் சுவரோரம் போய் நின்று எடுத்தாள்.

"மேரி..." மச்சாளுக்கு மூச்சு வாங்கியது. ஏதோ 'உய்' என்று இரைந்தது. "பிள்ளை என்னமாதிரி? எனக்கு இஞ்சை ஒரு நிம்மதி இல்லை. எங்கை நிண்டாலும் அவன்ரை முகம்தான் வருது."

அழுதிருக்கிறாள் என்று மேரிசெலின் நினைத்தாள். அந்த இரைச்சல் வீட்டு மின்விசிறி.

"இப்பப் பரவாயில்லை மச்சாள்."

"அவனிட்டைக் குடு. ஒரு வார்த்தை கேட்டால்தான் எனக்குச் சரி."

வேறு வழியில்லை. கைபேசியை மகனின் காதில் வைத்தாள்.

"நல்லா இருக்கிறன் மாமி," என்றான் றொனிஷன், உற்சாகமாக, டெனிஷில்.

மேரிசெலின் அவன் இடுப்பில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். "ஆ!" என்று அலறினான்.

"என்ன ராசா! எங்கை நோகுது?"

"இடுப்புக்குப் பக்கத்திலை."

"வலப்பக்கமோ?"

குனிந்து பார்த்தான். "ஓம்."

அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேரிசெலின் கைபேசியைப் பறித்தபோது மச்சாள் கத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பெண்டிக்ஸ்! மேரி, இது காய்ச்சல் இல்லை, அப்பெண்டிக்ஸ்! டொக்டரிட்டைச் சொல்லு! இரு, முதலிலை ஒரு செபமாலை சொல்லுவம். நான் சொல்லுறன், நீ பதில் சொல்லு."

"இப்பவோ மச்சாள்?"

"பின்னை எப்ப?"

மச்சாள் தொடங்கினாள். பக்கத்தில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. ஐஸ்கிறீம் வழிய வழியப் பிள்ளைகள் ஓடினார்கள். மேரிசெலின் சுவரைப் பார்த்தபடி, இல்லாத வருத்தத்துக்காக மாதாவிடம் மன்றாடினாள். செபமாலையின் இரண்டாவது தேவரகசியத்தில் கோபுரத்தை ஒட்டிய தேவாலய மணி அடித்தது. அதே மணி கைபேசிக்குள்ளும் அடிப்பதுபோல் இருந்தது. எதிரொலியாக்கும்.

"அது எங்கடை ரீவி," என்று மச்சாள் கேட்காமலே சொல்லிவிட்டு செபமாலையில் அடுத்த மணிக்குப் போனாள்.

செபமாலை முடிந்தபோது, கோபுர வாசலில் நின்ற பெண் கடைசி ஆட்களை உள்ளே விட்டுவிட்டுக் கயிற்றைக் குறுக்கே கட்டினாள்.

"மேரி, நாளைக்கு விடியவே நாங்கள் ஹோர்சன்ஸுக்கு வாறம்," என்றாள் மச்சாள். "பிள்ளையை வெட்டப்போகினம், ஞானத்தாய் நான் சும்மா இருக்கிறதே?"

கைபேசி நின்றுவிட்டது. மேரிசெலின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடிய முதல் ரயிலைப் பிடிப்பம்," என்றான் அந்தோனிதாசன். "அக்கா வரமுதல் வீட்டை போய்ப் பெடியனைப் படுக்கையிலை போட்டிடவேணும். நடவும்." அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"எனக்கு வெட்டுக்காயம் வேணுமெல்லோ?" என்றான் றொனிஷன்.

அதைப்பற்றித்தான் இருவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டு அறை திறந்ததும் மேரிசெலின் தனியே கீழே இறங்கி வந்தாள். கணவனும் மகனும் மேலே பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். ரயிலில் தின்ன இரண்டு பணிஸ் ரொட்டியைத் துடைதாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். சாப்பாடு உண்மையிலேயே நல்லதுதான். மச்சாள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

முட்டை அவிக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக நின்றார். இருமினார்.

மேரிசெலினின் கையிலிருந்த மூன்றாவது பணிஸ் கீழே விழுந்தது.

"றொபேட் அண்ணை..."

அவர் திரும்பினார். திடுக்கிடவில்லை. முட்டையைத் தூக்கி, ஆடாமல் அசையாமல் கிண்ணத்தில் வைத்தார்.

"அண்ணை, பிள்ளையை இஞ்சத்தைப் பெரிய ஆசுப்பத்திரிக்கு மாத்திப்போட்டினம். இரவோடிரவா அம்புலன்சிலை... அதுதான் நாங்கள்..."

றொபேட் அண்ணை கரண்டியை உயர்த்தினார். அவள் நிறுத்தினாள்.

"மெல்லக் கதையும் தங்கச்சி. அவள் மேலை அறையிலை, கெற்றிலிலை பிள்ளைக்கு மல்லித்தண்ணி கொதிக்கவைக்கிறாள்."

"மச்சாளோ? இந்த ஹோட்டலிலையோ?"

"ஒவ்வொரு ஜூலையும் நீங்கள் வருவியள் எண்டு சமைச்சுச் சமைச்சு அவளுக்குத் தோள்மூட்டு விட்டுப்போச்சு. இந்த முறை நீங்கள் வரமுதல் வீட்டைப் பூட்டிப்போட்டு வந்திட்டம்." அவர் இவ்வளவு கதைத்து அவள் கேட்டதே இல்லை. அவருக்கே அது களைப்பாக இருந்திருக்கவேண்டும்; கொஞ்சம் மூச்சு விட்டார். "ஹோர்சன்ஸுக்கு ஓடவேண்டாம். இப்ப அவளுக்கு ஒரு ஃபோன் எடுத்து, பிள்ளைக்குச் சுகம், வெட்டத் தேவையில்லை எண்டு சொல்லும். அவளும் சந்தோசமா நிப்பாள். பிறகு நீர் போய் உம்மடை கோபுரத்திலை ஏறும்."

"கோபுரமோ? அது உங்களுக்கு என்னெண்டு அண்ணை தெரியும்?"

றொபேட் அண்ணை முட்டையின் தலையைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

"நேற்று உம்மடை மச்சாள் செபமாலை சொன்னது அதின்ரை உச்சியிலை நிண்டெல்லோ; நான் கீழை எட்டிப் பாத்தன், சுவரோடை நிண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தது நீர்."