பச்சை ஜாடி, மஞ்சள் ஜாடி

தும்பைநாட்டில் மன்னரையும் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மற்றபடி அது எல்லா நாடுகளையும் போன்ற நாடு. அங்கே நடுக்கக் காய்ச்சல் பரவியிருந்தது. அதற்கு மருந்து கண்டுபிடிப்பதும், கண்டுபிடிக்கும் முறையை மாணவர்களுக்குக் கற்றுத்தருவதும் பல்கலைக்கழக உயிர்மருத்துவத் துறையின் வேலை.

மன்னர் கொடைவளவன் ஒருநாள் துறையைப் பார்வையிட வந்தார். மேசையில் ஒரு பச்சை ஜாடி, ஒரு மஞ்சள் ஜாடி.

"ஒன்றில் மருந்து, மற்றதில் சர்க்கரைத் தண்ணீர், மன்னா," என்று விளக்கினார் துறைத்தலைவி இளவெயினி. "எது எதில் என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. சோதனை முடிந்ததும் ரகசியத்தை உடைத்து, எல்லோருக்கும் மருந்தையே கொடுப்போம்."

முதல் பாதியிலேயே மன்னருக்குப் புல்லரித்துவிட்டது. பின்பாதி காதில் விழவில்லை.

"கொடுப்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது! அமைச்சரே, இத்தனை காலம் நாம் இதைத்தானே செய்துவந்தோம்? இதற்கு விஞ்ஞானம் என்று பெயர் இருப்பதை ஏன் யாரும் சொல்லவில்லை?"

"தங்கள் திருவடிக்குத் தெரிந்தது எங்கள் மூளைக்கு எட்டவில்லை, மன்னா," என்றார் தலைமை அமைச்சர் பெருந்தகை.

மறுநாளே ஆணை வந்தது. எந்த ஜாடியில் மருந்து என்ற ரகசியம், அங்கேயும் யாரும் பார்க்காதபடி முத்திரையிட்டு, அரண்மனைக்குப் போனது. அதை உடைப்பது ராஜத்துரோகம். பிறகு ரேஷன் மூட்டைகளைத் தைத்தே கொடுத்தார்கள். அரிசியா உமியா என்பது வீட்டில் போய்ப் பிரித்தால்தான் தெரியும். பேருந்துகளில் ஊர்ப்பலகையைக் கழற்றினார்கள். எந்த ஊருக்குப் போகிறோம் என்று ஓட்டுநருக்கும் சொல்லவில்லை. குறை சொல்லலாம் என்றால் யாரைச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இதற்குள் ஜாடி குடித்தவர்களில் பாதிப் பேர் நடுங்கிக்கொண்டே கிடந்தார்கள். இளவெயினிக்கு ஆத்திரமாக வந்தது. மாணவர்களைக் கூப்பிட்டார்.

"ஜாடிக்குள் என்ன என்று கேட்கத்தான் தடை. குடித்தவர் எழுந்தாரா என்று பார்க்கத் தடையில்லை. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்."

போனார்கள். பச்சை குடித்தவர்கள் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் குடித்தவர்கள் கட்டிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மாணவர்கள் திரும்பி வந்து சொல்லி முடித்த நேரம், அமைச்சர் தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். மன்னருக்கும் காய்ச்சல் கண்டுவிட்டதாம்.

"அம்மா, எந்த ஜாடி? அரண்மனையில் யாருக்கும் தெரியவில்லை!"

"பச்சை. ஊருக்கும் அதையே கொடுக்க ஆணை வாங்கித் தாருங்கள்."

பல் கிட்டித்த மன்னர் உடனே தலையாட்டினார். தலை ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஊரெல்லாம் பச்சை போனது. ஊரும் எழுந்தது, மன்னரும் எழுந்தார்.

நெகிழ்ந்துபோன மன்னர், "இந்தத் துறையின் பாடத்தைக் குடிமக்கள் எல்லோருக்கும் நடத்துங்கள்!" என்றார். என்ன பாடம் என்று அவர் கேட்கவில்லை. இளவெயினி சந்தோஷமாக நடத்தினார்.

தேர்தல் வந்தது. மைதானம் நிறையக் கூட்டம். மன்னர் புதிய திட்டங்களை அடுக்கினார். யாரும் கைதட்டவில்லை. பேருந்து ஓட்டுநர் வேம்பையன் எழுந்தார்.

"பேச்சு இருக்கட்டும், மன்னா. போன தடவை நீங்க குடுத்த திட்டங்களை வாங்கிக்கிட்டவங்கள்ல யாரு எழுந்து நின்னாங்க? கையைத் தூக்கச் சொல்லுங்க, பாத்துக்கிறோம்."

மன்னர் பெருமையோடு மைதானத்தைப் பார்த்தார். ஒரு கையும் எழவில்லை. பக்கத்தில் அமைச்சர் மட்டும், பழக்கதோஷத்தில் பளிச்சென்று கையைத் தூக்கினார்.