வீட்டுப் பேர் உள்ள செடிகள்

“செடிக்கெல்லாம் இன்ஷியல் கிடையாதாம்மா?” என்று ஆறு வயதில் யுவராணி கேட்டாள்.

அப்போது அவள் அப்பா பாண்டித்துரை காஷ்மீர்ப் பனியில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா மாரீஸ்வரி ராஜபாளையத்து வீட்டு அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பதில் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பரிபூரணம் டீச்சர்.

“உண்டு கண்ணு. நம்ம ஊர்ல தெலுங்கு பேசுற வீடுகள்ல பேருக்கு முன்னால வீட்டுப் பேர் வைப்பாங்கல்ல? செடிக்கும் அப்படித்தான். முதல்ல வீட்டுப் பேர், அடுத்தாப்ல சொந்தப் பேர். செம்பருத்தியோட வீட்டுப் பேர் ஹைபிஸ்கஸ்.”

அன்று தொடங்கிய மாலைப் பாடம், யுவராணி கோயம்புத்தூரில் தாவரவியல் ஆராய்ச்சிக்குச் சேரும் வரைக்கும் நிற்கவில்லை. பாண்டித்துரை ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது, மகள் பூக்களின் வீட்டுப் பேர்களைச் சரளமாகச் சொல்லும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். இதற்கு எப்படிக் கைம்மாறு செய்வது என்று அவர் தவித்தார். டீச்சரோ, தேங்காய் கொடுத்தனுப்பினால் அதைத் துவையலாக்கித் திருப்பி அனுப்பிவிடுகிறவர்.

கடைசியில் கடவுளாகப் பார்த்து ஒரு வழி விட்டார். டீச்சரின் இரண்டு கண்ணிலும் புரை. கொஞ்ச காலமாகவே அவருக்கு எல்லாம் பனிமூட்டம்தான். ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் செய்துகொள்ள, மகன் வந்து மதுரைக்குக் கூட்டிப்போனார். துணைக்கு, வீட்டு வேலை பார்க்கும் செல்லக்கனியும் கிளம்பினாள்.

“தம்பி, மாடியில என் பூச்செடிக இருக்கு. திரும்பி வந்ததும் முதல்ல அதைத்தான் என் கண்ணால பாக்கணும்” என்று டீச்சர் சாவியை நீட்டினார். அவர் பாண்டித்துரையிடம் கேட்ட முதல் உதவி அது.

காரில் ஏறும்போது செல்லக்கனி கிசுகிசுத்தாள்: “அண்ணே, தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதையும் தொடாண்டாம்.”

“நான் சேத்தூர்ல வயக்காட்டுல பொறந்தவன். எனக்கே சொல்லித் தாறியா?” என்றார் பாண்டித்துரை.

மறுநாள் காலை குளித்து, நீறு பூசி, சாமி கும்பிட்டுவிட்டு டீச்சர் வீட்டு மாடிக்கு ஏறினார். ஏறியவர் திகைத்து நின்றார். வரிசையாக அழகான தொட்டிகள். ஒவ்வொன்றிலும் இங்கிலீஷில் எழுதிய அலுமினியத் தகடு. ஆனால் தொட்டி நிறையக் களை. ஒன்றில் துத்தி, ஒன்றில் குப்பைமேனி, ஒன்றில் கீழாநெல்லி, மூலையில் ஓர் ஊமத்தை வேறு.

‘பாவம், கண்ணு தெரியாத அம்மா. பூச்செடியை எல்லாம் களை தின்னுட்டுதே’ என்று அவர் மனம் இளகியது. விவசாயி வீட்டுக் கை. களையைக் கண்டால் அது சும்மா இருக்காது. வெயில் ஏறுவதற்குள் அத்தனையையும் வேரோடு பிடுங்கி, நகராட்சிக் குப்பை வண்டியில் போட்டார். களைக்கு அடியில் பூச்செடி ஒளிந்திருக்கும் என்று பார்த்தால், அங்கே மண்தான் இருந்தது. ‘இனிமே துளிர்க்கும்’ என்று தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் டீச்சர் போன் செய்தார்.

“தம்பி, என் க்ராஸாண்ட்ரா எப்படி இருக்கு? பார்லேரியா, இக்ஸோரா, ப்ளம்பாகோ எல்லாம் சௌக்கியமா? தினமும் தடவிப் பாத்துப் பழகிட்டேன். கைக்கு இலை தட்டுப்படலேன்னா எனக்குப் பொழுதே விடியாது. இந்தா, செல்லக்கனி பக்கத்துலதான் இருக்கா, அவளும் கேக்கா.”

“எல்லாம் நல்லா இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் பாண்டித்துரை மாடிக்கு ஓடினார். தகடுகளில் அதே பேர்கள்தான். ஆக, அவர் பிடுங்கியது களை இல்லை. டீச்சர் பேர் வைத்து வளர்த்த செடிகள். குப்பைமேனிக்கு இவ்வளவு பெரிய வீட்டுப் பேரா என்று அவருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் படித்தவர்கள் காரணம் இல்லாமல் தகடு அடிப்பார்களா?

களைதானே, எங்கேயும் கிடைக்கும் என்று மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு சேத்தூருக்குப் போனார். அங்கே வரப்பெல்லாம் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாக இருந்தது. டீக்கடையில் பெரியப்பா மகன் சோலைச்சாமி உட்கார்ந்திருந்தார்.

“ஏலே சோலை, துத்தி எங்க கெடைக்கும்?”

சோலைச்சாமி டீயைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மூலமாண்ணே? எத்தனை நாளா?”

“அதெல்லாம் இல்ல. சும்மா வேணும். வேரோட வேணும்.”

“வேரோடயா? அப்ப முத்திப்போச்சு போல.”

“ஏலே, எனக்கு ஒண்ணும் இல்ல. கீழாநெல்லியும் வேணும்.”

“மஞ்சக்காமாலையுமா?” பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

“குப்பைமேனி இருக்கா?” என்றபோது இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள், சொறி ஒட்டிக்கொள்ளும் அல்லவா. கடைசியாக அவர் கேட்டது ஊமத்தை, அரைத்துக் குடித்தால் ஆளையே முடித்துவிடும் விஷம். சோலைச்சாமி அவருடைய பைக் சாவியை மெதுவாக எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“வாங்கண்ணே. கம்மாக் கரையில எல்லாம் கெடக்கு. நானே பறிச்சுத் தந்து, வீட்டுலயும் கொண்டுவந்து விடுதேன். நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம்” என்று குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

சாக்கு நிறையக் களையோடு ஊர் வந்து இறங்கினார் பாண்டித்துரை. அன்றைக்கே அவற்றைத் தொட்டிகளில் நட்டார். எது எந்தத் தொட்டியில் இருந்தது என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்தால் மாரீஸ்வரி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். சேத்தூர்ச் சொந்தங்கள் சாத்துக்குடியோடு வந்திருந்தார்கள்.

“எம்புட்டு வியாதி. ஒண்ணக்கூட எங்கிட்ட சொல்லலையே” என்றாள் மாரீஸ்வரி.

“எனக்கு ஒண்ணும் இல்ல மாரி.”

“ஊமத்தை கேட்டியளாமே. அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?”

அன்றிலிருந்து உப்பில்லாத கஞ்சிதான். உண்மையைச் சொல்லிவிடலாம், ஆனால் மாரீஸ்வரிக்குத் தெரிந்தால் மறுநிமிடம் மதுரைக்குத் தெரிந்துவிடும். ஆபரேஷன் ஆன கண் அழக் கூடாது. பாண்டித்துரை கஞ்சியைக் குடித்தார்.

எந்தத் தகட்டுக்கு எந்தக் களை என்று தெரிந்துகொள்ள, வேறு வழியில்லாமல் மகளுக்குப் போன் செய்தார்.

“சும்மாதான் கேக்கேன். க்ராஸாண்ட்ரான்னா எது? கீழாநெல்லியா, குப்பைமேனியா?”

“கனகாம்பரம்ப்பா.”

“பார்லேரியா?”

“டிசம்பர் பூ. இக்ஸோரான்னா இட்லிப் பூ. ப்ளம்பாகோன்னா நீலமாப் பூக்கும்ல, அந்தச் சித்திரமூலம். எதுக்குப்பா?”

“யுவா, கனகாம்பரம் சில சமயம் குப்பைமேனி மாதிரி இருக்குமா?”

“அப்பா, நல்லா இருக்கியளா?” என்று மட்டும் கேட்டாள். அடுத்து அவள் அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும். மறுநாள் கஞ்சியோடு, ஞாபகசக்திக்கு வல்லாரைத் துவையலும் வந்தது.

தான் பார்த்தது களையா பூச்செடியா என்று அவருக்கே இப்போது நிச்சயமில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த குப்பைமேனியைத் தன் கண் தவறாகப் பார்த்ததா? புரை தனக்குத்தானோ? ஒன்று மட்டும் புரிந்தது. டீச்சர் கண் திறந்து வந்து தகட்டைப் படிப்பார். தகட்டில் உள்ளது தொட்டியில் இருக்க வேண்டும்.

டீச்சர் வருவதற்கு முந்தைய நாள், ஒரு சரக்கு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். கோபுரத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ‘தாயே ஆண்டாள், நீ துளசிச் செடிக்குக் கீழ கெடைச்சவ. செடி விஷயம் உனக்குத் தெரியும். ஒரு வயசான அம்மா மனசு நோகாமப் பாத்துக்க.’

நர்சரிக்கார மாரியாத்தாள் பளபளவென்ற செடிகளைக் காட்டினாள்.

“இம்புட்டுப் பளபளப்பு வேண்டாம்மா. கண்ணு தெரியாதவங்க வளத்த மாதிரி இருக்கணும். கொஞ்சம் பழுத்த இலை, ஒரு பக்கம் சாஞ்சு நிக்கிறது, அப்படி ஏதாவது இருக்கா?”

மாரியாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “பொழுதன்னைக்கும் நல்ல செடி கேட்டுத்தான் வாராவ. நோஞ்சான் செடி கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்யா.” என்றாலும் ஏன் என்று துருவாமல், பின்பக்கம் போய், பொறுமையாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். உலகம் இப்படிப்பட்டவர்களால்தான் ஓடுகிறது.

அன்று மாலை தனியாளாக எல்லாவற்றையும் தகட்டுப்படி நட்டார். சேத்தூர்க் களைகளைத் தூக்கி எறிய மனம் வராமல், கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம், தன் வீட்டு மாடியில் சாக்கிலேயே நிறுத்தி வைத்தார்.

டீச்சர் புதுக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். சொன்னபடியே நேராக மாடிக்கு ஏறினார். பின்னால் செல்லக்கனி, வெளிறிய முகத்தோடு. அதற்கும் பின்னால் பாண்டித்துரை, கந்தசஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டு.

ஆரஞ்சு நிறத்தில் கனகாம்பரம், சிவப்பாய் இட்லிப் பூ, நீலமாய்ச் சித்திரமூலம். டிசம்பர் பூ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டீச்சர் தொட்டி தொட்டியாக இலைகளைத் தடவிப் பார்த்தார். செல்லக்கனி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு நழுவி உருண்டது.

டீச்சர் பாண்டித்துரையைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரைத் தாண்டி அந்தச் சாக்கையும் பார்த்தார். பிறகு சிரித்தார். “நல்லா இருக்கு தம்பி. செல்லக்கனி, நீ ஊத்துன தண்ணிதான் இப்படிப் பூத்திருக்கு.”

படியில் இறங்கும்போது செல்லக்கனி அவரை நிறுத்தினாள். “அண்ணே, என்ன செஞ்சிய?”

“என்ன செஞ்சேன்?” என்றார் பாண்டித்துரை.

“அந்தச் செடியெல்லாம் போன கோடையிலேயே பட்டுப்போச்சுண்ணே. நான் எங்க அம்மாவுக்குக் காய்ச்சல்னு ஊருக்குப் போயிட்டேன். டீச்சர் தேடித் தடவுவாகளே, வெறும் மண்ணு கைக்குத் தட்டுப்பட்டா மனசு ஒடிஞ்சிருவாகளேன்னு, தானா முளைச்ச களைக்கு நாந்தான் தண்ணி ஊத்தி வளத்தேன். டீச்சருக்குத் தெரியாது. சொல்லிராதியண்ணே.”

பாண்டித்துரை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆக, களை களைதான். தன் கண்ணில் பழுதில்லை என்பதில் நிம்மதி. ஒருத்தி அன்பாக வளர்த்ததைப் பிடுங்கியதில் வருத்தம். “சொல்ல மாட்டேன் தாயி” என்றார்.

மறுநாள் விடிந்ததும் தன் வீட்டு மாடிக்குப் போனார். சாக்கிலிருந்த துத்தியைக் காணவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். டீச்சரின் மாடி மூலையில் புதிதாக ஒரு தொட்டி. அதில் அந்தத் துத்தி. பக்கத்தில் புதுத் தகடு. மற்றத் தகடுகளில் வீட்டுப் பேர் மட்டும்தான். இதில் இரண்டு வார்த்தைகள் இருந்தன. டீச்சரின் கையெழுத்து. சுற்றிலும் யாரும் இல்லை. செல்லக்கனிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

மகளுக்குப் போன் போட்டு, முதல் வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

“அபுட்டிலான்ப்பா. நம்ம துத்தியோட வீட்டுப் பேர். அடுத்தது என்ன?”

“அதை நானே வாசிச்சிட்டேன்” என்றார் பாண்டித்துரை. “செல்லக்கனின்னு இருக்கு.”

பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். “டீச்சருக்கு எதுவுமே தெரியாதுன்னு செல்லக்கனி சத்தியம் பண்ணுதா யுவா. கண்ணு தெரியாதவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அப்பா,” என்றாள் யுவராணி, “சின்னப் பிள்ளையில என் கண்ணைக் கட்டிவிட்டு, இலையைத் தடவியே செடிக்குப் பேர் சொல்லப் பழக்குனது டீச்சர்தானே.”