மூன்று பூப்பொட்டலங்களும் ஒரு தொட்டி வண்டியும்

அங்கப்பன் தமது ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு முடிவு எடுத்தார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் சொந்தமாக எடுத்த நான்காவது முடிவு அது. முதலாவது, மொட்டை மாடியில் புறா வளர்ப்பது. இரண்டாவது, மீசையை எடுப்பது. மூன்றாவது, மச்சினன் மகள் கல்யாணத்துக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போவது. மூன்றும் மனைவி கருப்பாத்தாளின் காது வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டன. நான்காவது நிற்கக் கூடாது. ஏனென்றால் நான்காவது, வண்டி வாங்குவது.

துடியலூர்ப் பக்கம் யார் வீட்டுக் கூரையில் மரம் சாய்ந்தாலும், எந்தக் கொப்பு கரண்டுக் கம்பியைத் தொட்டாலும் அங்கப்பனைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் கயிறு, தோளில் ரம்பம். ஏறுவார், வெட்டுவார், இறங்குவார். எதையும் எண்ணி வைக்கிற மனிதர். இதுவரை ஏறிய மரங்கள் நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு. அதில் இறங்கியது நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு. போன ஐப்பசியில் ஒரு வேம்பிலிருந்து மட்டும் அவர் இறங்கவில்லை. விழுந்தார்.

கீழே மணல் குவித்திருந்ததால் ஆள் தப்பினார். வீட்டில், படியில் சறுக்கிவிட்டது என்று சொன்னார். கருப்பாத்தாள் அதை நம்பினாள் என்று அவர் நம்பினார். ஆனால் அன்றிலிருந்து பத்தடி ஏறினாலே இடது முழங்கால் தனியாக ஆட ஆரம்பித்தது.

அதனால்தான் வண்டி. லாரியின் முதுகில் ஒரு நீளமான இரும்புக் கை, கையின் முனையில் ஆள் நிற்க ஒரு தொட்டி. விசையைத் தள்ளினால் கை நிமிர்ந்து ஆளை மரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் விடும். தெருவிளக்கு மாட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. புது வண்டியின் விலை தலைக்கு மேலே. பழசு தேடினார். அன்னூரில் ஒன்று கிடைத்தது.

கிடைத்தது என்பதைவிட, அவர் அதனிடம் அகப்பட்டார் என்று சொல்லலாம். தக்காளிச் சிவப்பு. பக்கவாட்டில் தோகை விரித்த மயில். ஹாரனை அமுக்கினால் நாதஸ்வரம். போதாக்குறைக்கு, பழைய வண்டி விற்கிற மதன்குமார் வாசலிலேயே கை கூப்பினான்.

"வாங்க ஓனரு."

அங்கப்பன் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. அவரைத்தான் சொல்லியிருக்கிறான். முப்பத்தைந்து வருஷமாக எல்லோருக்கும் அவர் மரக்காரர். "மரக்காரரே, அந்தப் பக்கமா ஏறுங்க." "மரக்காரரே, சாயங்காலம் வாங்க." ஓனர் என்று ஒருத்தன் கூப்பிட்டதும் அவருக்குக் காது சூடாகிவிட்டது.

வண்டியைச் சோதிக்க உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் பஷீர் பாயைக் கூட்டிப் போனார். ஹைட்ராலிக் வேலையில் பாய்க்கு இருபது வருஷப் பழக்கம். பாய் தொட்டியை உயரத் தூக்கி நிறுத்தச் சொல்லி, அதன் மட்டத்துக்குச் சுவரில் கரிக்கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், தொட்டி கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

"யாரும் தொடாமயே இறங்குது பாருங்கண்ணா."

"ஒரு சாண் தானே பாய்."

"தொட்டிக்குள்ள ஆளில்லாமயே ஒரு சாண். முழங்கை மடிப்புல பெயிண்டுக்கடியில வெல்டிங் தட்டுப்படுது. கை எப்பவோ ஒடிஞ்சு ஒட்ட வெச்சிருக்காங்க. வேண்டாம்ணா."

"மத்ததெல்லாம்?"

"ஹாரன் நல்லா இருக்கு."

தெருவிளக்குக் கம்பெனி ஒன்று தன் வண்டியை விற்கப் போவதாகவும், அது நசுங்கிப் போன சாம்பல் நிற வண்டிதான் என்றாலும் நிறுத்தின இடத்தில் நிற்கும் என்றும் பாய் சொன்னார். அங்கப்பன் காதில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கருப்பாத்தாள் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அன்னூருக்கு இது மூணாந் தடவை. அங்க என்னுங்க விசேசம்?"

"ஒரு வண்டி பாத்தேன் அம்மணி."

"பழசுங்களா?"

"பழசுதான். ஆனா புதுசாட்ட இருக்குது."

"அதானுங்க, முழங்கைல செவப்புப் பெயிண்டு ஒட்டிட்டிருக்குது. பழைய வண்டில பெயிண்டு எப்படிங்க காயாம இருக்கும்?"

அங்கப்பன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பாய் என்னுங்க சொன்னாரு?"

"ஹாரன் நல்லா இருக்குன்னாரு."

"அப்பறம்?"

"அப்பறம் டீ குடிச்சோம்."

கருப்பாத்தாள் அவர் கழற்றிய சட்டையை வாங்கிக் கொடியில் போட்டாள். "செரிங்க. நெம்பப் பெரிய காரியம். வெள்ளிக்கிழமை மாகாளியாத்தாகிட்டப் பூக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணிக்கலாம்."

பூக் கேட்பது என்றால், ஒரு வெள்ளரளியையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனியாக வாழை இலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து வேண்டிக்கொள்வது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அப்பீல் கிடையாது. புறா சிவப்பில்தான் போயிற்று. கோட்டும் சிவப்பில்தான் போயிற்று. மீசைக்குப் பூவே கேட்கவில்லை. கருப்பாத்தாள் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

"இந்தத் தடவை பொட்டலம் நான் கட்டறேன் அம்மணி," என்றார். "வண்டி எனக்குத்தானே."

"கட்டுங்க."

வெள்ளிக்கிழமை விடியுமுன் எழுந்து கொல்லைக்குப் போனார். இரண்டு அரளிச் செடிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வெள்ளரளியில் ஒன்று பறித்தார். இன்னும் ஒன்று பறித்தார். அதுவும் வெள்ளை. இரண்டையும் இரண்டு பொட்டலமாகக் கட்டினார். நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். ஆத்தாளுக்கு ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிரமத்தைக் குறைக்கிறோம், அவ்வளவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு கருப்பாத்தாள் எழுந்து கூடையோடு கொல்லைக்குப் போனாள். தினமும் பூப் பறிக்குமுன் செடியில் எத்தனை பூ, எத்தனை மொக்கு என்று எண்ணுவது அவள் வழக்கம். வீட்டில் எண்ணுகிறவர் தாம் ஒருத்தர்தான் என்று நினைத்திருந்த அங்கப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கோயிலில் பூசாரி சபரீஷ் கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு வந்தார்.

"என்ன காரியமுங்கக்கா?"

"இவரு தொட்டி வண்டி வாங்கலாமான்னு கேக்கோணுங்க."

சபரீஷ் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அங்கப்பன் வியப்படைந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார். பக்கத்தில் பார்த்தால் கருப்பாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாளே சொல்லிப்போட்டா. இனி நீங்க கயித்தக் கட்டிட்டு மரத்துல தொங்க வேண்டியதில்லீங்க. ஐப்பசிலிருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. படில சறுக்குனவருக்கு எங்கியாச்சும் முதுகெல்லாம் வேப்பம்பட்டை சிராச்சிருக்குமுங்களா?"

அங்கப்பனுக்குச் சுருக்கென்றது. இவள் வண்டி வேண்டாம் என்று சொல்லப் போகிறவளே இல்லை. நேராகக் கேட்டிருந்தாலே கிடைத்திருக்கும். அநியாயமாக ஆத்தாளை ஏமாற்றியதுதான் மிச்சம். போகட்டும், சிவப்பு வண்டி வந்துவிட்டது என்று நினைத்து மணியடிக்கக் கையைத் தூக்கினார்.

"இருங்க. எந்த வண்டின்னு கேக்கோணுமில்லீங்க?"

தூக்கிய கை தூக்கியபடி நின்றது. "எந்த வண்டின்னா?"

"பாய் நேத்துப் போன் பண்ணுனாருங்க. சாம்பக் கலர்ல ஒண்ணு இருக்குதாமா." அவள் கூடையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து வைத்தாள். "நானும் கட்டிக் கொண்டாந்தனுங்க. ஆத்தா, வெள்ளை வந்தா அன்னூரு வண்டி. செவப்பு வந்தா பாய் சொன்ன வண்டி."

சபரீஷ் எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

அங்கப்பனின் கண் முன்னால் மயில் தோகையை மடக்கிக்கொண்டது. அப்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. புறாவுக்குப் பொட்டலம் கட்டியது யார்? கருப்பாத்தாள். கோட்டுக்கு? கருப்பாத்தாள்.

"பூசாரி, அந்த இன்னொரு பொட்டலத்தையும் சித்தெ பிரிங்க," என்றார்.

"பிரிச்சுப் போடலாமுங்களே," என்றாள் கருப்பாத்தாள் சாந்தமாக. "அதுக்கு முன்னால நீங்க கட்டுனதுல ஒண்ணு மிச்சமிருக்குது பாருங்க, அதையும் பிரிச்சுப்போடலாமுங்களா?"

அங்கப்பன் மிச்சமிருந்த தம் பொட்டலத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார் அங்கப்பன். "சாமி காரியத்துல நோண்டக் கூடாது."

"நானும் அதத்தானுங்க நெனச்சேன். சபரீசு கண்ணு, அந்த ரெண்டையும் வீசிப்போடாத. இப்படிக் குடு."

இரண்டு பொட்டலங்களும் கூடைக்குள் போயின.

"இன்னொண்ணே ஒண்ணு கேட்டுப்போட்டுப் போயர்லாமுங்க. தொட்டிக்குள்ள நீங்க ஏறறதா, ஆளுப் போடறதான்னு."

அங்கப்பன் நிமிர்ந்தார். வண்டி போனால் போகிறது. சாம்பலோ சிவப்போ, தொட்டியில் நின்று ஊரை மேலிருந்து பார்க்கப் போவது அவர்தான். ஓனர். இதில் மட்டும் ஏமாறக் கூடாது.

"இதுக்கு நான் கட்டறேன்," என்றார்.

"கட்டுங்க, நீங்கதானே ஏறப் போறவரு. கூடைல இலை, நாரு, ரெண்டு கலருப் பூவு எல்லாமே இருக்குதுங்க."

கூடையோடு தூணுக்குப் பின்னால் போனார். இரண்டு வெள்ளரளி. இரண்டு பொட்டலம். கொண்டு வந்து அம்மன் காலடியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கருப்பாத்தாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கோயில் முழுக்கக் கேட்கும்படி வேண்டிக்கொண்டாள்.

"ஆத்தா மாகாளி, வெள்ளை வந்தா இவரு கீழயே நிக்கோணும். செவப்பு வந்தா இவரு இஷ்டம்."

"அதெப்படி..." என்றார் அங்கப்பன்.

"ஏனுங்க?"

"ஒண்ணுமில்லை."

"கட்டி வெச்சதுக்கப்பறம் ஆத்தா பாத்துக்குவாளுங்க."

சபரீஷ் எடுத்த பொட்டலத்தைப் பிரிக்கும்போது அங்கப்பன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. என்ன வரும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மீந்த பொட்டலம் முந்தின இரண்டோடு கூடைக்குள் போயிற்று.

பத்தாவது நாள் சாம்பல் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. மயில் இல்லை. நாதஸ்வரம் இல்லை. ஹாரன், ஜலதோஷம் பிடித்த எருமைபோலக் கத்தியது. அங்கப்பன் தொட்டியைத் தூக்கி நிறுத்தி, சுவரில் கரிக்கோடு போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு போய் அளந்தார். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் இறங்கவில்லை. தம்மை அறியாமல் வண்டியை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார்.

அந்தப் பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் கதவில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. வெள்ளைப் பெயிண்டில், கொட்டை எழுத்தில்: ஓனர் அங்கப்பன்.

"இது யாரு எழுதுனது?"

"பாய்கிட்டச் சொல்லி எழுதச் சொன்னனுங்க. தூக்கத்துல நாலு நாளா 'ஓனரு, ஓனரு'ன்னீங்க." கருப்பாத்தாள் முந்தானையால் எழுத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். "பாய் மச்சினரு உவைஸ் தொட்டிக்குள்ள நிப்பாருங்க. நீங்க கீழ நின்னு, அந்தக் கொப்ப வெட்டு, இந்தக் கொப்ப உடுன்னு கையக் காட்டோணும். எந்த ஓனருங்க மேல ஏறறாரு?"

அங்கப்பனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அந்த ஹாரன் ஒண்ணு மட்டும் வாங்கி மாட்டிக்கலாமா அம்மணி?"

"பூக் கேக்கலாமுங்களா?"

"வேண்டாம்."

உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "ஒண்ணு சொல்ல மறந்துபோட்டனுங்க. அன்னிக்கு வெள்ளிக்கிழமை நீங்க பறிச்சதுக்கப்பறம் போயிப் பாத்தேன். செவ்வரளில மொத நாளு எண்ணி உட்ட பதினொரு மொக்கும் பதினொரு பூவா அப்படியே இருந்துதுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அங்கப்பன் வாசலிலேயே நின்றார். பதினொன்று. ஆக, கோயிலுக்குக் கிளம்புமுன்பே அவளுக்கு எல்லாம் தெரியும். தூணுக்குப் பின்னால் போனபோதும் தெரியும். அவருக்குக் கோபம் வந்தது. அவள் கட்டியது மட்டும் யோக்கியமா? அவள் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டாவது சிவப்பையும் எடுத்து, இதென்ன என்று நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டியதுதான். இது ஐந்தாவது முடிவு.

விறுவிறுவென்று சாமி மாடத்துக்குப் போனார். விளக்குக்குப் பின்னால் மூன்று பொட்டலங்களும் வரிசையாக இருந்தன. இலை காய்ந்து மூன்றும் ஒரே நிறம். ஒரே நார், ஒரே மாதிரி முடிச்சு. கையை நீட்டினார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். மூன்றில் அவளுடையது எது என்று தெரியவில்லை. இரண்டு தம்முடையது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கை மெல்லத் திரும்பி வந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டது.

சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க ஓனரு, எண்ணி முடிச்சாச்சுன்னா சாப்பிட வாங்க."