நீல நூல் கட்டின கோப்பை

அன்புள்ள தம்பிக்கு உன் அக்கா எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, உன் வீட்டுக்காரி சுகமா என்றெல்லாம் நான் கேட்டதாக வைத்துக்கொள். இது வேறு விஷயம். தனியாக உட்கார்ந்து படி, யாருக்கும் உரக்கப் படித்துக் காட்டாதே.

அன்றைக்கு எங்கள் சமையலறை மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று மாற்றிப் பேசக் கூடாது. ஜன்னல் பக்கம் என் மகன், லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து கை கூடச் சரியாகத் துடைக்காமல் வந்து உட்கார்ந்தவன். எதிரே மருமகள். அவள் பக்கத்தில் என்னுடைய குஷனை எடுத்து நாற்காலியில் போட்டுக்கொண்டு அவளுடைய அம்மா, அதாவது சம்பந்தியம்மா. கதவோரம் மாடி வீட்டு டெய்லர். அடுப்புக்குப் பக்கத்தில் நான். உன் அத்தான் இல்லை, அவர் போய் வருஷம் திரும்பிவிட்டது. ஆனாலும் கடைசியில் அவரும் வந்து சேர்ந்த மாதிரிதான் ஆயிற்று.

சம்பந்தியம்மா எங்களோடு தங்க வந்ததிலிருந்து காலையில் ஒரே அடுப்பில் மூன்று டீ. மருமகள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் அல்லவா, தூள் கூடாது, முழு இலைதான் நல்லது என்று டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கியிருக்கிறாள். பச்சைத் தேயிலைக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாதாம், காய்ச்சல் பார்க்கிற மாதிரி தண்ணீருக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்கிறாள். வெள்ளைத் தேயிலை என்று ஒன்று, குடித்தேனா இல்லையா என்று குடித்த பிறகும் சந்தேகமாகவே இருக்கும். சுருட்டி வைத்த இலை ஒன்று, வெந்நீரில் விழுந்ததும் தூங்கி எழுந்த ஆள் போல மெதுவாகக் கைகாலை நீட்டுகிறது. புகையில் வாட்டினது ஒன்று, மூடியைத் திறந்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடத் தோன்றும். சம்பந்தியம்மாவுக்குக் கறுப்பு இலைதான், ஆனால் மூடி வைத்து, சரியான நேரத்தில் இலையை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முகம் சுருங்கிவிடும். என் டீ உனக்குத் தெரியும். நேற்றைய இலை கெட்டிலிலேயே கிடக்கும், அதன்மேல் புது இலை ஒரு பிடி, பிறகு கெட்டில் ஆடுகிற வரைக்கும் கொதி. கெட்டிலுக்குள் கைவிட்டுக் கழுவுவதே கிடையாது, ருசி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்று பேரும் அடுப்புக்காக இடித்துக்கொள்வதைப் பார்த்து மகன்தான் ஆரம்பித்தான். "யார் போட்டதுன்னு தெரியாம எல்லாரும் குடிச்சுப் பார்ப்போம். எது நல்லாயிருக்கோ, இனிமே காலையில அவங்களே போடட்டும். மத்தவங்க தூங்குங்க." காலை அடுப்பு என் கையை விட்டுப் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதனால் சரி என்றேன். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வேற்று ஆள் என்று டெய்லரை ஊற்றச் சொன்னோம். யாருடையது எது என்று அவனுக்கு மட்டும் தெரிய, கோப்பைக் காதுகளில் கலர் நூல் கட்டிக் கொண்டுவந்து வைத்தான்.

"அத்தை, சத்தம் வர உறிஞ்சணும். அப்பதான் வாய் முழுக்கப் பரவும்" என்றாள் மருமகள். என் மகன் சின்ன வயதில் இப்படி உறிஞ்சினான் என்று முதுகில் ஒன்று வைத்தவள் நான். இப்போது வயசானவர்கள் எல்லாரும் சேர்ந்து, அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி உறிஞ்சினோம். நீல நூல் கட்டின கோப்பையை வாயில் வைத்ததும் கீழே வைத்துவிட்டேன்.

"இது பாத்திரம் கழுவின தண்ணி. யாரோட கைவேலைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்று சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். பிறகு சிவப்பு நூல். "இதுதான் என்னோடது. கண்ணைக் கட்டி விட்டாலும் கண்டுபிடிப்பேன்."

டெய்லர் தொண்டையைச் செருமினான். "அம்மா, சிவப்பு அவங்களோடது. நீலந்தான் உங்களோடது."

சம்பந்தியம்மா என் குஷனைச் சரிசெய்துகொண்டாள், அவ்வளவுதான். பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

"அப்போ இந்த வீட்ல ஒரு மனுஷர் தினமும் காலையில எதைக் குடிச்சாராம்? முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து காலிக் கப்பைத் திருப்பிக் கொடுப்பாரே, அது பொய்யா?" என்றேன்.

மகன் மேஜையைப் பார்த்தான். மருமகள் மகனைப் பார்த்தாள். டெய்லருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவனுடைய தையல் மிஷின் மாடி ஜன்னலில், நேர் கீழே எங்கள் முன்னறை ஜன்னல்.

"ஐயா ரோஜாத் தொட்டியிலதாம்மா ஊத்துவாரு. நீங்க உள்ளே திரும்பினதும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. அவ்வளவு நேர்த்தி."

"உனக்கு இது தெரியுமாடா?" என்று மகனைக் கேட்டேன்.

"தெரியும்மா."

"எப்படி?"

"அப்பாதானே எனக்கும் சொல்லிக்கொடுத்தார்."

அதோடு நான் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வந்து தங்கினபோதெல்லாம் உன் அத்தானோடு அதே ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாய், இரண்டு கோப்பையும் காலியாகத்தான் திரும்பி வந்தன. நீயும் ஊற்றினாயா? மழுப்பாமல் எழுது. என் கல்யாணத்தன்று என் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாயே, அதுமுதல் நீ செய்த எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது, இதையும் வரிசையில் சேர்த்துக்கொள்வேன்.

சிவப்பு நூல்தான் ஜெயித்தது, இனி நான் அடுப்பைத் தொடப் போவதில்லை. சம்பந்தியம்மா என் கெட்டிலைத் தேய்த்து வெளுக்க வைத்துவிட்டாள், அதன் உள்ளே இரும்பு இல்லை, வெள்ளைப் பீங்கான் பூச்சு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அவள் போடுகிற டீ நன்றாக இருக்கிறது, அதுதான் பெரிய கஷ்டம். அவளைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். டெய்லரை மட்டும் மன்னிக்க மாட்டேன். பார்த்தவன் பார்த்ததோடு இருந்திருக்க வேண்டும். இனி ஒரு தலையணை உறை கூட அவனிடம் தைக்கக் கொடுக்க மாட்டேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், உன் பதில் உண்மையாக இருந்தால்.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: மேலே எழுதினதை மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன். இன்று காலை எல்லாருக்கும் முன்னால் எழுந்து பழைய மாதிரியே கொதிக்க வைத்து, ரோஜாத் தொட்டியில் ஊற்றினேன். அவர் போனதிலிருந்து செடி வாடிக்கொண்டே வருகிறது, நான் அதற்கு வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் கோப்பை காலியானதும் அவர் கூப்பிடுவார், "இன்னொண்ணு கொண்டா, அப்படியே நீயும் வந்து உட்காரு" என்று. அந்த இரண்டாவதை நான் எதிரே உட்கார்ந்திருக்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பார். என் கண்ணெதிரே எங்கே கொட்டுவது. தினமும், தம்பி. டீ வேண்டாம், நீ சும்மா வந்து உட்காரு என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேனா? நீ பதில் எழுத வேண்டாம். டெய்லரிடம் தலையணை உறை கொடுத்தாயிற்று. மன்னிக்க மாட்டேன் என்றால் அது உன் அத்தானைத்தான்.